நூறு ஆர்டரில் நின்ற 520 ரூபாய்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் அக்கா பேத்தியும், அவளோடு படித்த இரண்டு பேரும் ஒரு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார்கள். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம் என்று கைத்தறிச் சரக்கை இணையத்தில் விற்கப் போகிறார்களாம். தளத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். "சின்னம்மாயி, நீங்க இருபது வருசத்துக்கு மேல இதே தொழில்ல கணக்குப் பாத்தவீங்க. நாங்க எதைப் பாக்கோணும்னு சொல்லுங்க" என்றாள். அன்று அரை மணி நேரம் பேசினேன். அது போதவில்லை என்று அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. அதனால் எழுதுகிறேன். இதே வழியில் இறங்க நினைக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் இது பயன்படட்டும்.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி: பணம் யார் கொடுக்கிறார்? சேவையைப் பயன்படுத்துகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று இணையத்தில் கட்டாயம் இல்லை. கூகுளில் நாம் தேடுகிறோம், காசு கொடுப்பதில்லை. கொடுப்பவர் விளம்பரதாரர். 2000 அக்டோபரில் கூகுள் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கிய ஏற்பாடுதான் இன்றைக்கும் அந்தக் குழுமத்தின் பெரும் வருமானத்துக்கு ஊற்று. யாராவது ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அந்தக் கணத்திலேயே ஓர் ஏலம் நடக்கிறது. ஈரோடு மஞ்சள் மண்டி ஏலம் மாதிரி கூடுதல் விலை கேட்டவருக்கே சரக்கு என்று அதில் முடிவதில்லை. விளம்பரம் அந்தத் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், மக்கள் அதை அழுத்துவார்களா என்பதும் சேர்ந்துதான் யார் மேலே வருவது என்று தீர்மானிக்கிறது. ஆட்கள் அழுத்தினால்தான் கூகுளுக்கும் காசு என்பதால் அப்படி.

மற்றவர்களையும் பாருங்கள். நௌக்ரியில் வேலை தேடுகிறவர் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். ஆள் தேடுகிற கம்பெனி பணம் கட்டுகிறது. நம் சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியில் ஜாதகம் பதிய காசு வேண்டாம். பிடித்த இடத்தோடு பேச வேண்டுமென்றால் கட்ட வேண்டும். ரெட்பஸ்ஸுக்கு பஸ் முதலாளி கமிஷன் கொடுக்கிறார். ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கிற பயணியே சேவைக் கட்டணம் கட்டுகிறார். யுபிஐ 2016-ல் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து அதில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு நிறுத்திவிட்டது. அப்புறம் அந்தச் செயலிகள் எப்படிப் பிழைக்கின்றன? பணம் அனுப்ப வருகிற கூட்டத்துக்கு ரீசார்ஜ், காப்பீடு, கடன் என்று வேறொன்றை விற்கின்றன.

பணம் கொடுப்பவர் யாரோ, அவர் இழுத்த பக்கம்தான் கம்பெனி போகும். நீங்கள் மூவரும் விற்கப் போவது போர்வை. கொடுப்பவர் அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவர். இது நல்ல தொடக்கம். நாளைக்கு யாராவது வந்து, தளத்தில் விளம்பரப் பட்டை வைத்தால் மாதம் இவ்வளவு கிடைக்கும் என்றால், உங்கள் வாடிக்கையாளரை வேறு கடைக்குக் கைகாட்டி விடுவதற்கு அது கூலி என்று புரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

2. தளத்தின் வழியாகப் போன பணம் வேறு, உங்கள் பணம் வேறு. ஆயிரம் ரூபாய் பஸ் டிக்கெட்டை ஒருவர் விற்றுக் கொடுத்து நூறு ரூபாய் கமிஷன் எடுத்தால் அவருடைய வருமானம் நூறுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பெரிய கம்பெனிகளே இதில் வழுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் குரூப்பான் 2011-ல் பங்குச் சந்தைக்கு வரும்போது, வாடிக்கையாளர் கொடுத்த முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டியிருந்தது. அதில் பெரும் பங்கு ஹோட்டல்காரருக்கும் கடைக்காரருக்கும் போக வேண்டிய பணம். கட்டுப்பாட்டு ஆணையம் கேள்வி கேட்ட பிறகு திருத்தி எழுதினார்கள். 2010-ஆம் ஆண்டின் வருமானம் ஏறக்குறைய 71 கோடி டாலரிலிருந்து 31 கோடி டாலராக இறங்கியது. ஆள் பிடிக்கச் செய்த விளம்பரச் செலவைச் சேர்க்காமல் ஒரு லாபக் கணக்கும் வைத்திருந்தார்கள். அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. செலவில் பெரிய செலவை விட்டுவிட்டுப் பார்த்தால் எந்தக் கடையும் லாபக் கடைதான்.

நெசவாளியிடம் சரக்கை விலைக்கு வாங்கி விற்றால் முழு விலையும் உங்கள் விற்பனை. விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பிக் கொடுப்பேன் என்று எடுத்து வந்தால் நடுவில் நிற்கும் தொகைதான் உங்களுடையது. இரண்டையும் ஒரே பேரேட்டில் கலக்காதீர்கள்.

3. ஒரு ஆர்டரை எடுத்து, அதைக் கடைசிப் பைசா வரை எழுதிப் பாருங்கள். நான் சொல்லப் போவதில் இதுதான் முக்கியம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

2018 தீபாவளி சமயம். நானும் என் சிநேகிதியும் சேர்ந்து நடத்திய தளத்தில் ஒரு போர்வைக்கு 899 ரூபாய் விலை. ஒரு வாரத்தில் நூறு ஆர்டர். திரையில் "விற்பனை ரூ. 89,900" என்று பச்சை எழுத்தில் வந்தது. சிநேகிதி பால்கோவா வாங்கி வந்தாள். நான் ஒரு நோட்டை எடுத்தேன்.

899-க்குள் ஜிஎஸ்டி 43. அது அரசுப் பணம், எடுத்துவிட்டால் 856. நெசவாளிக்கு 470. பாலித்தீன் உறை, அட்டை, லேபிள் எல்லாம் சேர்ந்து 16. கூரியர் 88. அநேகமாக எல்லாருமே பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கிறவர்கள் என்பதால், வசூல் செய்து தருவதற்குக் கூரியர்காரர் பிடிப்பது 40. மீதி 242. ஆர்டருக்கு 242 என்றால் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரம் விளம்பரத்துக்குப் போனது 15,000. அதாவது ஒரு ஆர்டருக்கு 150. இனி 92.

அதோடு முடியவில்லை. அனுப்பிய நூறில் 20 பொட்டலம் திரும்பி வந்தது. வீடு பூட்டியிருக்கிறது, போன் எடுக்கவில்லை, நான் ஆர்டரே போடவில்லை என்று ஆளுக்கொரு காரணம். தொழிலில் இதை ஆர்டிஓ என்பார்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக 88, வர 88, உறைக்கு 16, ஆக 192. இருபதுக்கு 3,840. வாடிக்கையாளர் கையில் சேர்ந்தது 80. அதில் கிடைத்தது எண்பது இருநூற்று நாற்பத்திரண்டு, 19,360. விளம்பரம் 15,000-ஐக் கழித்து, திரும்பியதன் செலவு 3,840-ஐயும் கழித்தால் நின்றது 520 ரூபாய்.

நூறு ஆர்டருக்கு 520. அதிலும் திரும்பி வந்ததில் இரண்டு போர்வையில் எண்ணெய்க் கறை. விற்க முடியாது. அவற்றின் கொள்முதல் 940. கடைசிக் கணக்கு, 420 ரூபாய் நஷ்டம். எங்கள் இருவர் சம்பளமும், குடோன் வாடகையும், கரண்ட் பில்லும் இதில் இன்னும் ஏறவில்லை. பால்கோவா டப்பா மூடியபடியே மேசைமேல் இருந்தது. அன்று இரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் சரக்கில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்த நோட்டு இல்லாமல் விளம்பரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு ஆர்டரில் நஷ்டம் என்றால் ஆயிரம் ஆர்டரில் அது ஆயிரம் மடங்கு ஆகுமே தவிர லாபமாக மாறாது. 'பெரிதாக வளர்ந்தால் சரியாகிவிடும்' என்கிறவரிடம், எந்த வரி, எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். நூறு பொட்டலம் போகும் இடத்தில் ஆயிரம் போனால் கூரியர் 88-லிருந்து 70 ஆகலாம், அது உண்மை. நெசவாளியின் கூலி குறையாது. குறையவும் கூடாது.

4. பொருள் வந்த பிறகு பணம் என்ற முறையைத் திட்டாதீர்கள். 2010-ல் ஃபிளிப்கார்ட் அதைக் கொண்டுவந்த பிறகுதான் கார்டு இல்லாத, இணையத்தை நம்பாத வீடுகள் வாங்கத் தொடங்கின. அது நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. அந்த விலையைக் குறைக்க வழி இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து பொட்டலம் கட்டும் முன் ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். 110 ஆர்டர் வந்தால் பத்துப் பேர் போனிலேயே வேண்டாம் என்றார்கள். மீதி நூறை அனுப்பினோம்; ஒன்பதுதான் திரும்பியது. விளம்பரச் செலவு 110-க்கும் சேர்த்து 16,500 என்று எழுதியும் 3,794 ரூபாய் நின்றது. சரக்கும் அதே, விலையும் அதே.

5. கூட்டத்தை எண்ணி மகிழாதீர்கள். என் அப்பா ஈரோடு கனி மார்க்கெட்டில் லுங்கி, போர்வைக் கடை வைத்திருந்தார். செவ்வாய்ச் சந்தையில் நடக்க இடம் இருக்காது. வீட்டுக்கு வந்தால் அம்மா "கூட்டமா?" என்று கேட்டதே இல்லை, "போணி எப்படி?" என்றுதான் கேட்பார். வேடிக்கை பார்க்க வந்தவரும் துணியைத் தொட்டுப் பார்த்தவரும் பில் போட்டவரும் மூன்று வகை என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அது எனக்கே ஒரு சமயம் மறந்துபோனது. 2000-இல் சென்னையில் ஓர் இணையக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். வாசலில் ஒரு பலகை. தினமும் காலையில் 'நேற்றைய ஹிட்' என்று எண் எழுதுவார்கள். லட்சம், இரண்டு லட்சம். எல்லாரும் கை தட்டுவோம். ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் ஒன்று, அதில் இருக்கும் படங்கள் முப்பது என்றால் முப்பத்தொரு ஹிட் ஏறும் என்று கணினிப் பிரிவுத் தம்பி ஒருவர் டீ குடிக்கும்போது சொன்ன பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. படத்தைக் கூட்டினால் எண் கூடும்! என் பேரேட்டில் வரவுப் பக்கம் காலியாக இருந்தது. ஒன்பதாவது மாதம் சம்பளம் நின்றது. கைக்குழந்தையோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் இருவர் அந்த அலுவலகத்தில் இருந்தார்கள்; அவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை.

அந்த வருடம் உலகம் முழுக்க அப்படித்தான். 2000 மார்ச் 10-இல் நாஸ்டாக் குறியீடு 5,000-ஐத் தாண்டி உச்சத்தில் நின்றது. நாய் பூனைத் தீவனம் விற்ற பெட்ஸ்.காம் பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு நவம்பரில் கடையை மூடியது. ஊரெல்லாம் அதன் விளம்பரப் பொம்மையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தீவன மூட்டையை வாங்கிய விலைக்கும் கீழே விற்று, அனுப்பும் செலவையும் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

அளந்து சொல்கிறவரே தவறாக அளப்பதும் உண்டு. ஃபேஸ்புக் 2016-இல் ஒன்றை ஒப்புக்கொண்டது. வீடியோவைச் சராசரியாக எத்தனை நொடி பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குச் சொன்ன கணக்கில், மூன்று நொடிக்கும் குறைவாகப் பார்த்துவிட்டுப் போனவர்களை விட்டுவிட்டு வகுத்திருந்தார்கள். இரண்டு வருடமாகச் சராசரி உப்பியே இருந்தது. ஆகவே எந்த எண் கைக்கு வந்தாலும், எதை எதால் வகுத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் நாலாயிரம் பேரில் போர்வை வாங்கியவர் எத்தனை என்று அன்று கேட்டேன். பதினொன்று என்றீர்கள். அந்தப் பதினொன்றுதான் இப்போதைக்கு உங்கள் கடை.

6. திரும்பி வந்தவர்களை மாதவாரியாக எழுதுங்கள். ஒரு நோட்டில் ஜனவரியில் முதல் தடவை வாங்கியவர்கள் ஒரு வரி, பிப்ரவரியில் வாங்கியவர்கள் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். மொத்த விற்பனை மட்டும் பார்த்தால் புது ஆட்கள் வரும் வேகத்தில் பழைய ஆட்கள் கழன்றுபோவது தெரியாது. வரி வரியாகப் பார்த்தால் மறைக்க முடியாது.

நான் சொன்ன அந்த 80 பேரில் அடுத்த தீபாவளிக்குள் 17 பேர் மறுபடி வந்தார்கள். விளம்பரம் இல்லை. முன்பணம் கட்டிவிட்டார்கள், ஆகவே வசூல் கட்டணம் 40-க்குப் பதிலாகப் பேமென்ட் கேட்வேக்கு 21. ஆளுக்கு 261 நின்றது, பதினேழுக்கு 4,437. முதல் விற்பனையில் 420 போனது, இரண்டாவது விற்பனை கடையைத் தூக்கி நிறுத்தியது. இதைத்தான் இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, அவர் நம்மோடு இருக்கும் காலத்தில் தரும் லாபம் என்று இரண்டு பெயர் வைத்துப் பேசுகிறார்கள். முதலாவதை விட இரண்டாவது நல்ல மடங்கு இருக்க வேண்டும். ஆனால் இரண்டாவதை ஊகித்து எழுதக் கூடாது. மூன்று மாதக் கடையை வைத்துக்கொண்டு 'எங்கள் வாடிக்கையாளர் ஐந்து வருடம் இருப்பார்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் கண்ட மாதங்களை மட்டும் எழுதுங்கள்.

சந்தா வாங்கும் தொழிலில் இது உயிர். மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் விலகினால் சின்னதாகத் தெரியும். ஆயிரம் பேரோடு தொடங்கினால் வருட முடிவில் 540 பேர் மிஞ்சுவார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் என்றால் 785. இந்த மூன்று சதவீதத்துக்காகத்தான் மென்பொருள் கம்பெனிகள் இரவும் பகலும் வாடிக்கையாளருக்குப் போனில் பதில் சொல்கின்றன. சென்னையில் 2010-இல் தொடங்கி 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவை, போன வருடம் நூறு ரூபாய் கொடுத்த அதே ஆட்கள் இந்த வருடம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கணக்கை முதலீட்டாளர்களுக்கு வெளியிடுகின்றன. புது ஆளே வராவிட்டாலும் கடை வளருமா, தேயுமா என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும். ஸோஹோ 1996-இல் வேறு பெயரில் தொடங்கியது; வெளி முதலீடு வாங்காமல், வாடிக்கையாளர் கட்டும் பணத்திலேயே வளர்ந்தது. அப்படி வளர முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது, பிள்ளைகளே.

7. விளம்பரம் வேலை செய்கிறதா என்று விளம்பரம் விற்கிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கடைப் பெயரையே தேடி வருகிறவர் எப்படியும் வரப் போகிறவர். நடுவில் உங்கள் விளம்பரத்தை அழுத்திவிட்டு வந்தால், அந்த ஆர்டர் விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். இபே கம்பெனியின் பொருளாதார அறிஞர்கள் 2012-இல் தங்கள் பெயருக்குக் கொடுத்து வந்த தேடல் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். அதன் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இலவசத் தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். நீங்களும் செய்யலாம். இரண்டு வாரம் கோவை மாவட்டத்துக்கு மட்டும் விளம்பரத்தை நிறுத்துங்கள், திருச்சிக்கு ஓடட்டும். இரண்டு ஊர் ஆர்டரும் முன்னே எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று பாருங்கள். நிறுத்தப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

8. சராசரியை நம்பும் முன் பட்டியலை ஒரு தடவை கண்ணால் ஓட்டுங்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் நூறு ஜமக்காளம் வாங்கிய மாதத்தில் உங்கள் 'சராசரி ஆர்டர்' மலை மாதிரி ஏறும். அடுத்த மாதம் இறங்கும். இரண்டும் செய்தி இல்லை.

9. லாபம் வேறு, கையில் ரொக்கம் வேறு. நெசவாளிக்கு சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். அதை நம்பி அந்த வீட்டில் அரிசி வாங்குவார்கள். பெரிய சந்தைத் தளத்தில் விற்றால் பொருள் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்து, உங்கள் கணக்குக்குப் பணம் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். கூரியர்காரர் வசூலித்த பணமும் அப்படித்தான். விற்பனை இரட்டிப்பாகிற மாதத்தில்தான் கை வறண்டுபோகும். நன்றாக ஓடும் கடைகள் இந்த இடைவெளியில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சரக்குப் பணமும் கூலியும் முடங்கி நிற்கிறது என்று எண்ணி, அந்த அளவு ரொக்கத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அமேசானைச் சொல்லி வாதாடுவீர்கள். 1995 ஜூலையில் கடை திறந்து, 2001-இன் கடைசிக் காலாண்டில்தான் முதன்முதலாக 50 லட்சம் டாலர் லாபம் காட்டியது, உண்மைதான். ஆனால் அந்த நஷ்டக் காலத்திலும் அங்கே பணம் ஓடிய வழி வேறு. புத்தகம் வாங்கியவர் கார்டில் உடனே கட்டிவிடுவார், பதிப்பகத்துக்குப் பல வாரம் கழித்துக் கொடுப்பார்கள். நடுவில் அந்தப் பணம் கடையின் கையில் சுழன்றது. உங்களுக்கு அது தலைகீழ். நெசவாளியைக் காக்க வைத்து அந்தச் சுழற்சியை உண்டாக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

10. வாடகை இடத்தில் வீடு கட்டுகிறோம் என்ற நினைவு வேண்டும். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் பல பேர் வருடக்கணக்கில் சேர்த்த ரசிகர் கூட்டம் ஒரே இரவில் போனது. யூடியூப் நீள வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதத்தைப் படைப்பாளிக்குக் கொடுக்கிறது. நல்ல பங்குதான், ஆனால் யாருக்கு எதைக் காட்டுவது என்பது அவர்கள் கையில். இன்ஸ்டாகிராமிலும் சந்தைத் தளத்திலும் விற்றுக்கொள்ளுங்கள். அதோடு, வாங்கியவரிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரையும் எண்ணையும் உங்கள் சொந்த நோட்டில் வைத்திருங்கள். வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம்மை நம்பி ஒரு பெண் தன் போன் எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

11. ஏமாற்றி ஏற்றிய எண் வேண்டாம். 'இன்னும் இரண்டுதான் மிச்சம்' என்று பொய் சொல்வது, கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஒளித்து வைப்பது, இவையெல்லாம் விற்பனையை ஏற்றும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. நான் வேலை பார்த்த இன்னோர் இடத்தில், சந்தாவை நிறுத்தக் கேட்பவர்களில் எத்தனை பேரை நிறுத்தவிடாமல் பேசி அனுப்புகிறார்கள் என்பதை வைத்துப் போன் எடுக்கும் பெண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அந்த எண் ஏறியது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் புகார் செய்கிறவர்களும் ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மத்தியான நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "வயசானவர் ஒருத்தர் அக்கா, மூணு தடவை வேணாம்னு சொன்னார்" என்றாள். கணக்குப் பிரிவிலிருந்து நான் எழுதிக் கொடுத்த குறிப்பை யாரும் படிக்கவில்லை. அடுத்த மாதம் அங்கிருந்து விலகினேன். எந்த எண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களோ அதை ஏற்ற ஆட்கள் வழி கண்டுபிடிப்பார்கள். அந்த வழி எது என்று கொடுப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

12. எண் 'எத்தனை' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. அதற்குப் போன் எடுக்க வேண்டும். 2019 தை மாதம், பொருளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நாகர்கோவிலில் ஓர் அம்மா. "நெறமெல்லாம் படத்துல உள்ளது போலத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டு ஆளு நெட்டையாக்கும், கால் வெளியே நிக்கும்" என்றார். தளத்தில் போய்ப் பார்த்தேன். நீள அகலம் அங்குலக் கணக்கில் எழுதித்தான் இருந்தது. ஆனால் படத்தில் போர்வை மடித்து, ஒரு மூங்கில் கூடைமேல் அழகாக வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து யாருக்கு நீளம் தெரியும்? சென்னிமலையில் எங்களுக்கு நெய்து கொடுப்பவரின் மகன் நல்ல உயரம். அவனைத் திண்ணையில் கட்டிலைப் போட்டுப் படுக்கச் சொல்லி, போர்த்தி, சிநேகிதி தன் போனில் ஒரு படம் எடுத்தாள். கட்டில் பழசு, பின்னால் தறிக் குழியும் நூல் கண்டும் தெரிந்தன. அந்தப் படத்தை முதலில் வைத்தோம். நீளம் போதவில்லை என்று அதற்குப் பிறகு எங்களுக்கு வந்தது இரண்டே பொட்டலம்.

கண்ணு, உன் பதினொரு பேருக்கும் இந்த வாரத்திலேயே போன் போடு. விற்கப் பேசாதே. போர்வை எப்படி இருக்கிறது, யார் போர்த்திக்கொள்கிறார்கள், துவைத்தபோது சாயம் போனதா என்று கேள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வை. மாசியில் கோயிலுக்கு வரும்போது அந்தத் தாளையும், முதல் ஆர்டரின் செலவுக் கணக்கையும் எடுத்து வா. திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம்.